கூண்டு திறந்த பாட்டு

என் மகன் எழுதிப் பாடிய பாட்டுக்கு ஊர் பேர் தெரியாத ஆட்கள் உரை எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதட்டும். நானும் அந்த வேலையைச் செய்துதான் பிழைக்கிறேன். மல்லசமுத்திரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை நான். பதவுரை, பொழிப்புரை, விளக்கவுரை என்று பிள்ளைகளின் உயிரை வாங்குவது என் தொழில். ஆனால் பள்ளியில் நான் உரை சொல்லுகிற பாட்டுகளை எழுதியவர்கள் எல்லாம் செத்துப் பல நூறு வருடம் ஆனவர்கள். எழுதினவர் உயிரோடு இருக்கிறாரா என்று எந்தப் பாட்டுக்குள்ளும் நான் தேடியதில்லை. இந்தப் பாட்டில் அதை மட்டும்தான் தேடினேன்.

எங்களுக்கு இரண்டு ஷெட் முட்டைக்கோழி. மகன் இன்ஜினியரிங் படித்தான், பெங்களூரில் கொஞ்ச காலம் இருந்தான், என் வீட்டுக்காரருக்கு மூட்டு வலி வந்ததும் திரும்பி வந்து ஷெட்டைப் பார்த்துக்கொண்டான். வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் கித்தாரை முதுகில் மாட்டிக்கொண்டு சேலம் அம்மாபேட்டைக்குப் பஸ் ஏறுவான். அங்கே ஒரு தறிக்காரர் வீட்டுப் பையன் டிரம்ஸ் அடிப்பான். வீட்டுக்குப் பின்னால் விசைத்தறி ஓடுகிற சத்தத்தில் இவர்கள் போடுகிற சத்தம் யாருக்கும் தனியாகக் கேட்காது. அக்கம்பக்கத்தில் ஒரு புகார் வந்ததில்லை என்று பெருமையாகச் சொல்வான். ராக் என்பார்கள் அதை. எனக்கு அது வயிற்று வலிக்காரன் கத்துவதாகத்தான் கேட்கும், அவனிடமே அப்படித்தான் சொல்லுவேன், அவனும் சிரிப்பான்.

பெரிய ஷெட்டில் கல்லிங் நடந்த அன்றுதான் அவன் போனான். முட்டை குறைந்துபோன கோழிகளை மொத்தமாகக் கழித்து லாரியில் ஏற்றி விடுவதை எங்கள் பக்கம் கல்லிங் என்பார்கள். சனிக்கிழமை, எனக்குப் பள்ளி இல்லை. ஏற்ற வந்த ஆட்களுக்கு டீ கொண்டு போனேன். அவன் தராசுப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். லாரி போனதும் குளித்தான், சாப்பிட்டான், "சேலம் போய்ட்டு வாரேம்மா" என்றான். அன்று சாயங்காலம் அந்தப் பாட்டு இணையத்தில் வீடியோவாக வந்தது. மறுநாளிலிருந்து போன் அணைந்திருந்தது. அம்மாபேட்டைப் பையனைக் கேட்டால், "இங்க வரவே இல்லீங்கம்மா" என்றான்.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். "வயசுப் பையனுங்க, கோவிச்சுட்டுப் போயிருப்பான், வந்துருவான்" என்றார்கள். யாரிடம் கோவித்துக்கொண்டான் என்று கேட்டார்கள். யாரிடமும் இல்லை என்றோம். அதை அவர்கள் நம்பவில்லை. நாங்களும் கொஞ்ச நாளில் நம்பாமல் ஆகிவிட்டோம்.

பாட்டு இதுதான்.

இருட்டினாலும் இருட்டாத வீடு
சரிந்த தரையில் சாயாமல் நிற்கிறோம்
பெற்றதெல்லாம் உருண்டு போகும்
பேர் வைக்க நேரமில்லை
கூண்டு திறக்கும் நாளில்
தலைகீழாய் வானம் பார்ப்பேன்

இதையே திரும்பத் திரும்பப் பாடுகிறான். கடைசி இரண்டு வரி வரும்போது டிரம்ஸ் நின்றுவிடும், அவன் குரல் மட்டும் இருக்கும். பள்ளியில் மதிய இடைவேளையில் காதில் வயரை மாட்டிக்கொண்டு கேட்பேன். வீடியோவுக்குக் கீழே ஒரே சண்டையாக இருந்தது. மதுரைக்காரர் ஒருவர், சரிந்த தரை என்பது ஏற்றத்தாழ்வான சமுதாயம் என்று பத்தி பத்தியாக எழுதியிருந்தார். ஒரு கல்லூரிப் பெண், அதெல்லாம் இல்லை, பெற்றதெல்லாம் உருண்டு போவது என்றால் பிள்ளைகள் வெளிநாடு போவது, இது ஒரு தாயின் பாட்டு என்றாள். இருட்டாத வீடு செல்போன் என்றார் ஒருத்தர். தலைகீழ் வானம் கஞ்சா என்று ஒருத்தன். அவனை நாலு பேர் வறுத்தெடுத்தார்கள். ஆனால் கூண்டு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி. விடுதலை. கூண்டு திறக்கும் நாள் வந்தே தீரும், நமக்கும் ஒரு நாள் திறக்கும், கேட்டு அழுதுவிட்டேன், வேலையை விட்டுவிட்டேன் என்றெல்லாம் போட்டு, கீழே பறவைப் படமாக வைத்திருந்தார்கள்.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் ஷெட்டில் ஒரு நாள் நின்றவர்களுக்கு இந்தப் பாட்டில் புரியாத வரி ஒன்று கிடையாது. பொழுது போனபிறகும் லைட் எரிந்தால்தான் கோழி முட்டை விடும். கூண்டின் தரைக் கம்பி சரிவாக இருக்கும், முட்டை விட்டவுடன் உருண்டு வெளியே வந்துவிடும், கோழி திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விடும். இதற்கு எதற்குச் சமுதாயம். இவன் கோழியைப் பற்றிப் பாடி வைத்திருக்கிறான், இந்தப் பைத்தியங்கள் தத்துவம் பேசுகின்றன என்று பக்கத்து மேஜை டீச்சரிடம் சொல்ல வாயெடுத்தேன்.

சொல்லவில்லை. கடைசி இரண்டு வரிக்கும் அதே மாதிரி உரை சொல்லிப் பார்த்தேன், அத்தோடு வயரைக் காதிலிருந்து கழற்றிவிட்டேன்.

முட்டைக்கோழியின் கூண்டைத் திறப்பது இரண்டுக்குத்தான். உள்ளே செத்துக் கிடந்தால் எடுக்கத் திறப்போம். லாரி வந்தால் திறப்போம். அன்றைக்குக் காலைப் பிடித்து, ஒரு கைக்கு நாலைந்தாகத் தொங்கவிட்டுக்கொண்டு வெளியே வருவார்கள். பிறந்ததிலிருந்து தகரக் கூரையைத் தவிர வேறு எதையும் பார்க்காத கோழி, ஷெட்டிலிருந்து லாரி வரைக்கும் அந்தப் பத்தடி தூரத்தில், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, முதல் தடவையாக வானத்தைப் பார்க்கும். இதைத்தான் அவன் பாடியிருந்தான். பார்ப்பேன் என்று தன்னைச் சொல்லிப் பாடியிருந்தான். பாட்டைப் போட்டுவிட்டுப் போனை அணைத்திருந்தான்.

வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பாட்டுன்னா பாட்டு. அதுல போயி எதையாச்சும் தோண்டிக்கிட்டு இருக்காத" என்றார். சொல்லிவிட்டு எழுந்து போய், மோட்டார் ரூமுக்குள் நின்று அழுதார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டார்.

அந்த வாரம் மேட்டூரிலிருந்து ஒரு போன் வந்தது. அணையில் மீன் பிடிக்கிறவர்கள் ஓர் உடலைக் கரை சேர்த்திருக்கிறார்கள், வயது ஒத்துப்போகிறது, வந்து பாருங்கள் என்றார்கள். வீட்டுக்காரர் என்னை அழைத்துப் போகவில்லை. நான் வகுப்பில் இருந்தேன். எதுகையும் மோனையும் நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. மூன்றாவது பீரியட் முடியும்போது அவர் போன் செய்து, "நம்ம பையன் இல்ல" என்றார். அப்புறம் போனை வைக்காமல், "யாரு பெத்த புள்ளையோ, அதும்பட சட்டைய நம்ம பையனோடதுன்னு நெனச்சுட்டேன்" என்றார். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். மேட்டூர்க் கரையில் வேறொரு பெண்ணின் பிள்ளை கிடந்ததில் நான் சந்தோஷப்பட்டேன். இப்படி ஒரு மனுஷி எனக்குள் இருக்கிறாள் என்று அன்றுதான் தெரிந்தது.

அன்று மதியம் வீடியோவைத் திறந்தால், புதிதாக ஒருவர் எழுதியிருந்தார்: இதைக் கேட்டபிறகு எனக்குச் சிறகு முளைத்தது. எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. கொரோனா சமயத்தில் பாடம் எடுத்துப் போடுவதற்காக மகன் எனக்கு ஒரு கணக்குத் திறந்து கொடுத்திருந்தான். பேருக்குப் பதில் ஒரு செம்பருத்திப் படம் இருக்கும். அதிலிருந்து எழுதினேன். சிறகு வைத்திருப்பவர்களுக்கு ஒரு விளக்கம் என்று ஆரம்பித்து, வரி வரியாக, பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி உரை எழுதினேன். வெளிச்சம் எது, சரிவு எது, உருண்டு போவது எது என்று சொல்லி, கடைசியில், கூண்டு திறப்பது விடுதலை அல்ல, அன்றைக்கு எல்லாம் முடிந்தது, இதைப் பாடியவனைக் காணவில்லை, உங்களில் யாராவது அவனைப் பார்த்தீர்களா என்று முடித்தேன்.

என் மேல் பாய்ந்தார்கள். பாட்டைக் கொன்றுவிட்டீர்கள் என்றார் மதுரைக்காரர். கவிதையைக் கோழிப்பண்ணைக்குள் அடைக்காதீர்கள் என்றார் இன்னொருவர். காணவில்லை என்று புரளி கிளப்பி விளம்பரம் தேடுகிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். கல்லூரிப் பெண் மட்டும், நீங்கள் யார் என்று கேட்டாள்.

மறுநாள் அதே இடத்தில், என் விளக்கத்துக்குக் கீழே, சின்னதாகச் சிவப்பு இதயம் ஒன்று இருந்தது. பாட்டைப் போட்டவரே வந்து, இதை நான் பார்த்தேன், எனக்குப் பிடித்தது என்று வைக்கிற அடையாளம் அது. அத்தனை விடுதலைக்காரர்களில் ஒருவருக்கும் இல்லை. எனக்கு மட்டும்.

ஸ்டாஃப் ரூமை விட்டு வெளியே ஓடி வந்து அம்மாபேட்டைப் பையனுக்குப் போன் போட்டேன். தறிச் சத்தத்தில் அவன் பேசுவது கேட்கவில்லை. வெளியே வந்து பேசு என்று கத்தினேன்.

"அந்த ஹார்ட்டு நீ போட்டதா சாமி? நெசத்தச் சொல்லு. நீ போட்டிருந்தாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"நான் இல்லீங்கம்மா. எங்க பாட்டுக் கணக்கோட பாஸ்வேர்ட அவன் போறதுக்கு முன்னாலயே மாத்திட்டானுங்க. அவனத் தவிர யாராலயும் போட முடியாதுங்க."

உயிரோடு இருக்கிறான். பள்ளி வேப்பமரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உயிரோடு இருக்கிறான், போன் பார்க்கிறான், நான் எழுதியதைப் படிக்கிறான். அதற்குப் பிறகுதான், எதைச் சரி என்று சொல்லியிருக்கிறான் என்பது உறைத்தது. நான் தப்பாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் எழுதும்போதே வேண்டிக்கொண்டிருந்தேன். ஒரு தமிழாசிரியைக்கு, பாட்டை எழுதியவனே வந்து உன் உரைதான் சரி என்று சொல்லிவிட்டான். சரியாகச் சொன்னதற்காக இவ்வளவு பயந்தது அதற்கு முன்னால் இல்லை.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் போய்விடுவான். திரும்பி வா என்றால், எதற்கு என்று நினைப்பான். அவனுடைய பாட்டுக்குள்ளேயே நின்று பேசினால்தான் உண்டு என்று தோன்றியது. கல்லிங் அன்று நடந்த ஒன்று ஞாபகம் வந்தது. எடை போட்டு ஏற்றும்போது ஒரு கோழி ஆள் கையிலிருந்து நழுவி, ஷெட்டுக்கு அடியில் ஓடிப் புகுந்துகொண்டது. எங்கள் ஷெட்கள் தூண் மேல் நிற்கும், அடியில் எரு விழும். எடை போட்ட பிறகு நழுவின கோழியைப் பிடிக்க எங்கள் பக்கம் யாரும் மெனக்கெட மாட்டார்கள். அது வாங்கினவனுக்கும் இல்லை, விற்றவனுக்கும் இல்லை. அன்றும் ஆட்கள் சிரித்துவிட்டு அடுத்ததைப் பிடிக்கப் போனார்கள். இவன் மட்டும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான், நான் நீட்டின டீயைக்கூட வாங்கவில்லை.

எழுதினேன்: பாட்டில் ஒரு கோழி குறைகிறது. லாரி போன பிறகும் ஷெட்டுக்கு அடியில் நின்ற கோழி.

கடைசி பீரியட் முடியும்போது அதற்குக் கீழே அவனுடைய பதில் இருந்தது. போனபிறகு அவன் எழுதிய முதல் வார்த்தை.

"அது இன்னம் இருக்குதா"

யோசிக்கவே இல்லை. இருக்கிறது என்று எழுதினேன். எழுதிவிட்டு பஸ்ஸைக்கூட எதிர்பார்க்காமல், தெரிந்தவர் வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஷெட்டுக்கு அடியில் புகுந்தேன். எருவை எல்லாம் வழித்து எடுத்து, சுண்ணாம்பு தூவி, சுத்தமாக இருந்தது.

"ஏனுங்க, இங்க ஒரு கோழி நின்னுச்சே?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"அதையா கேக்கற? புதுக் கோழி உடறதுக்கு முன்னால அடியில ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு கோழி டாக்டரு சொன்னாரு. அதப் புடிச்சு வேலைக்காரங்களுக்குக் குடுத்துட்டேன். போன ஞாயித்துக்கெழமையே கொழம்பு ஆயிருக்கும்."

அவரிடம் போனைக் காட்டினேன். அது இன்னம் இருக்குதா என்பதைப் படித்தார். எழுத்தை விரலால் தடவினார். அப்புறம் சுண்ணாம்பு மேலேயே உட்கார்ந்துவிட்டார். டாக்டரைத் திட்டினார், வேலைக்காரர்களைத் திட்டினார், தன்னையும் திட்டிக்கொண்டார்.

நான் பொய் சொல்ல ஆரம்பித்தேன். இன்று கம்பு போட்டேன், தின்றது. இன்று மழை, தூணோரம் ஒதுங்கி நிற்கிறது. இன்று நாயைப் பார்த்துக் கொக்கரித்தது. தினம் ஒன்று. தினமும் அதற்கு ஓர் இதயம் வந்தது. அந்த இதயம் வருகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. ஒரு நாள் மத்தியானம் வரைக்கும் வரவில்லை, ஏழாம் வகுப்புப் பையனை ஒன்றுமில்லாத விஷயத்துக்கு முட்டி போட வைத்துவிட்டேன். செத்துப்போன கோழிக்குத் தீனி வைத்துத்தான் என் பிள்ளையை உயிரோடு வைத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. இது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்றுதான் தெரியவில்லை.

பாட்டு கேட்க வந்தவர்களுக்கு இது புதுத் தீனி. மதுரைக்காரர் திடீரென்று எனக்கு ரசிகராகிவிட்டார். தூணோரக் கோழி என்பது விளிம்புநிலை மனிதன் என்றார். கம்பு நம் மரபு என்று ஒருத்தர். அதெல்லாம் எதுவும் இல்லை, அங்கே ஒரு அம்மா பேசிக்கொண்டிருக்கிறார், சும்மா இருங்கள் என்று கல்லூரிப் பெண் எழுதினாள். அவள் எந்த ஊரோ, யார் வீட்டுப் பெண்ணோ, நன்றாக இருக்கட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் எழுதினான்: "ஒரு வீடியோ எடுத்துப் போடுங்கம்மா. பாக்கோணும்."

அம்மா என்று போட்டிருந்தான். அதைப் பார்த்து அழுதேன். அழுது முடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரர்தான், "எல்லாம் ஒரே வெள்ளைக் கோழிதான். இதுல அதெது இதெதுன்னு யாருக்குத் தெரியும்? சின்ன ஷெட்டுல ஒண்ண எடு" என்றார்.

உச்சி வெயிலில் இருவரும் சின்ன ஷெட்டுக்குப் போனோம். ஒரு கூண்டின் கதவைத் திறந்தேன். உள்ளே இருந்தவை வெளியே பாய்ந்து வரும் என்று பாட்டு கேட்கிறவர்கள் நினைப்பார்கள். அவை பின்னால் போய் ஒண்டின. ஒன்றைப் பிடித்து இழுத்தால், கம்பியை விரலால் இறுக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அதற்கும் கூண்டு திறப்பது என்றால் என்னவென்று தெரிந்திருந்ததோ என்னவோ. ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டு, தலைகீழாகப் பிடிக்காமல், குழந்தையைத் தூக்குகிற மாதிரி மாரோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். பெரிய ஷெட்டுக்கு அடியில் மண்ணில் விட்டேன். நிற்க முடியவில்லை. அப்படியே சப்பென்று உட்கார்ந்தது. கம்பு போட்டதற்குத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியே வீடியோ எடுத்து என் கணக்கில் போட்டு, பாட்டுக்குக் கீழே இணைப்பைக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"இது அது இல்லீங்கம்மா."

பிடித்துக்கொண்டிருந்த ஒரே நூலையும் நானே அறுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் என் தோளுக்கு மேல் எட்டிப் படித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வரி வந்தது.

"இப்பத்தான் கூண்டுல இருந்து எடுத்தீங்களா"

இனிப் பொய் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எழுதினேன். ஆமாம் சாமி. அந்தக் கோழி இல்லை. இத்தனை நாளும் பொய் சொன்னேன். நீ இதயம் வைப்பதை நிறுத்திவிடுவாய் என்று பயந்து சொன்னேன். இதை நான்தான் திறந்து எடுத்தேன். லாரி வரவில்லை, அது சாகவும் இல்லை. சும்மா திறந்தேன்.

அனுப்பிவிட்டு, போனைச் சுண்ணாம்புத் தரையில் வைத்துவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்திருந்தோம். கோழி ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். யாரும் நகரவில்லை. வேலைக்காரர் ஒருவர் வந்து என்ன என்று பார்த்துவிட்டு, கேட்காமல் போனார். வெயில் தூண் நிழலைக் கொஞ்சம் நகர்த்தியது. இவ்வளவு நேரம் ஆனபிறகு இனி வராது என்று அவர் எழுந்திருக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

வந்தது.

"நகம் கூண்டுக்கம்பிக்கு வளந்து சுருண்டிருக்குதுங்க, அதான் நிக்க முடியல. நுனிய மட்டும் வெட்டி உடுங்க. ரத்தம் வராமப் பாத்துக்குங்க. நடக்கும்."

அதற்குக் கீழே மதுரைக்காரர் வந்துவிட்டார். நகம் என்பது இங்கே என்று ஆரம்பித்திருந்தார். மேலே படிக்கவில்லை. வீட்டுக்குள் போய் நகவெட்டியைத் தேடி எடுத்து வந்தேன். அவர் கோழியை மடியில் வைத்துக் காலை நீட்டிப் பிடித்துக்கொண்டார். "மெதுவா" என்றார். ஒவ்வொரு நகமாக வெட்டினேன், ரத்தம் வரவில்லை.

எங்கே இருக்கிறாய் என்று அவனிடம் இன்னும் கேட்கவில்லை. கோழி இன்று தூணில் சாய்ந்துகொண்டு எழுந்து நின்றது. நடக்கும்போது வீடியோ எடுத்துப் போட வேண்டும்.